காற்று என்னும் பரீட்சகர்

பரீட்சை விடைத்தாள்களைத் திருத்துவதிலேயே எமது வாழ்நாளில் ஒரு பெரும் பகுதி கழிந்துவிட்டது. அந்த அனுபவத்தைக் கொண்டு ஓர் உண்மையை இங்கே ஒப்புக்கொள்ளுகிறோம். எந்தப் பரீட்சகரையும் சிறிதளவேனும் ஏமாற்ற முடியும். முத்துக் கோத்தாற் போன்ற கையெழுத்து, விடை தெரியாத இடத்தில் அழகிய முன்னுரை, கணக்கின் நடுவில் விட்டுப்போன படியை மறைத்துக்கொண்டு கடைசி வரியில் வந்து நிற்கும் சரியான விடை ஆகிய இவற்றைக் கண்டு மயங்கி, ஓரிரு புள்ளிகளைக் கூட்டிப் போடாத ஆசிரியர் அரியர்.

ஆனால், எள்ளளவும் ஏமாறாத பரீட்சகர் ஒருவரைச் சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் நாலந்தாவிலே கண்டோம். அவருக்கு உருவம் இல்லை, பேனாவும் இல்லை. அவர் பெயர் காற்று. அவர் எம் மருமகனைப் பரீட்சிக்கிறார் என்றே முதலில் எண்ணியிருந்தோம். பரீட்சிக்கப்பட்டவர் நாமே என்பது பிற்பாடுதான் விளங்கிற்று.

மாத்தளையிலிருந்து வடக்கே தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருவீதியில், ஏறக்குறைய நடுவழியில் இருக்கிறது நாலந்தா. மிளகும் கொக்கோவும் வாசனைத் திரவியச் செடிகளும் நிறைந்த தோட்டங்களைக் கடந்து வந்தால், மலைநாட்டின் குளிர்ச்சி குறைந்து, வயல்களும் குளங்களும் தோன்றத் தொடங்கும் இடம் அது. அங்கே எம் தமக்கையார் குடும்பம் நெடுங்காலமாக வசித்து வருகிறது. விடுமுறைக்கு அங்கு சென்றபோது, வீட்டின் பின்விறாந்தையில் மருமகன் ஒரு மேசையை ஆக்கிரமித்துக்கொண்டு மரச்சட்டங்களை ஒட்டிக்கொண்டிருந்தான். வானொலி அலையால் இயக்கப்படும் மாதிரி விமானம் ஒன்றை அவன் கட்டிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு வயது பதினைந்து. சாதாரண தரப் பரீட்சை கண்ணுக்கெட்டிய தூரத்தில் நின்றது. “இந்த விளையாட்டால் படிப்புக் கெட்டுவிடும்; நீராவது சொல்லும்” என்று அத்தான் எம்மிடம் முறையிட்டார். சொல்லத்தான் எண்ணினோம். ஆனால் மேசையருகே சென்று அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நின்ற பின்பு, எமக்குச் சொல்ல மனம் வரவில்லை.

விமானத்தை முழுதாகச் செய்து விற்பவர்கள் இப்போது உளர். நுரைப் பொருளால் வார்க்கப்பட்ட அவ்விமானத்தை வாங்கிய அன்றே பறக்கவிடலாம். மருமகன் வாங்கியது அதுவன்று. அது ஒரு பெட்டி. அதனுள்ளே ஒரு பெரிய வரைபடமும், இயந்திரத்தால் நுணுக்கமாக வெட்டப்பட்டு இலக்கமிடப்பட்ட பலகைத் துண்டுகளும், மெல்லிய நீண்ட சட்டங்களும் இருந்தன. அவற்றை விமானமாக்குவது வாங்கியவர் பொறுப்பு.

அந்தப் பலகையைக் கையிலெடுத்தபோது அது மரந்தானா என்ற ஐயம் எழுந்தது, அத்துணை இலேசு. பால்சா என்பது அதன் பெயர். மத்திய அமெரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் வளர்வது. உலகச் சந்தைக்கு வருவதிற் பெரும்பகுதி எக்குவடோர் நாட்டினது. ஒரு கனமீற்றர் தண்ணீரின் நிறை 1000 கிலோகிராம். அதே அளவு பால்சா மரம் பெரும்பாலும் 100 முதல் 200 கிலோகிராம் வரைதான் நிற்கும். ஸ்பானிய மொழியில் ‘பால்சா’ என்றால் தெப்பம் என்று பொருள். 1947ஆம் ஆண்டில் நோர்வே நாட்டினரான தோர் ஹெயர்டால் என்பவர் ஐந்து தோழர்களோடு பசிபிக் சமுத்திரத்தில் 101 நாட்கள் மிதந்து சென்ற ‘கொன்-டிக்கி’ தெப்பம் இந்த மரத்தால் ஆனதே. இரண்டாம் உலக யுத்தத்திற் புகழ்பெற்ற ‘மொஸ்கிற்ரோ’ என்னும் பிரித்தானிய விமானத்தின் உடலும், இரு ஒட்டுப்பலகைத் தகடுகளுக்கு இடையே பால்சாவை வைத்து அமைக்கப்பட்டதாகும். ஆதலின், இதை விளையாட்டுச் சாமான் செய்யும் மரமென்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

கட்டும் முறை வருமாறு. வளைவற்ற ஒரு பலகையின்மேல் வரைபடத்தை விரித்து, அதன்மேல் மெழுகுத்தாள் அல்லது மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றைப் பரப்ப வேண்டும்; இல்லையேல் விமானம் வரைபடத்தோடு ஒட்டிக்கொள்ளும். இறக்கையின் நீளத்துக்கு ஓடும் தாங்குசட்டத்தைக் குண்டூசிகளால் நிலைநிறுத்தி, அதன் குறுக்கே விலா எலும்புகள் போன்ற துண்டுகளை ஒவ்வொன்றாகச் செங்குத்தாக நிறுத்தி ஒட்ட வேண்டும். முன்விளிம்பையும் பின்விளிம்பையும் பொருத்தி, பசை நன்றாக உலரும்வரை கைவைக்காது விட்டுவிட வேண்டும். இந்தக் கடைசி விதிதான் கடினமானது என்றான் மருமகன். இறக்கையின் இரு பாதிகளையும் இணைக்கும்போது, நுனிகள் சற்றே மேல்நோக்கி எழும்பி நிற்குமாறு, அகலமாய் விரிந்த ‘வி’ எழுத்தின் வடிவில் இணைக்க வேண்டும். எலும்புக்கூடு நிறைவெய்திய பின்னர், சூட்டினாற் சுருங்கும் மெல்லிய பிளாஸ்டிக் தோலை அதன்மேற் போர்த்தி, சிறிய ஸ்திரிக்கைப்பெட்டியால் தேய்த்தால், அது மத்தளத்தின் தோல்போல இறுகிக்கொள்ளும். எம் இளமைக் காலத்துப் புத்தகங்களில், மெல்லிய கடதாசியை ஒட்டி அதன்மேல் ஒருவகை வார்னிஷ் பூசும்படி எழுதியிருந்தது. பொருள் மாறினும் தத்துவம் ஒன்றே.

நுனிகள் ஏன் மேல்நோக்கி நிற்க வேண்டும் என்று வினவினோம். விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் அது அந்தப் பக்கமாகச் சறுக்கத் தொடங்கும். அப்போது தாழ்ந்த இறக்கை காற்றை அதிகக் கோணத்தில் எதிர்கொண்டு அதிக ஏற்றவிசையைப் பெறும். உயர்ந்த இறக்கைக்கு அது குறையும். விமானம் தானாகவே நிமிரும். கைவிட்டாலும் நிமிரக்கூடிய விமானமே கற்பவர்க்கு ஏற்றது.

இதைக் கேட்டபோது எமக்குச் சீவகசிந்தாமணி நினைவுக்கு வந்தது. சச்சந்தன் என்னும் மன்னன், வரப்போகும் கேட்டினை உணர்ந்து, கருவுற்றிருந்த தேவி விசயைக்காக மயில் வடிவிலே பறக்கும் பொறியொன்றைச் செய்விக்கிறான். விசையை ஒருபுறம் திருகினால் எழும்பும். மறுபுறம் திருகினால் இறங்கும். வேண்டிய நாளுக்கு முன்னரே அதனைச் செலுத்தவும் அவளைப் பயிற்றுவிக்கிறான். கட்டியங்காரனின் வெற்றிமுரசைக் கேட்டு அவள் வானிலே மயங்கிவிட, பொறி நகர்ப்புறத்துச் சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கே சீவகன் பிறக்கிறான். இது காவியக் கற்பனையே; சரித்திரமன்று. எனினும், செலுத்துபவரின் கை தளர்ந்தபோதும் கொல்லாமல் இறங்குகின்ற ஓர் ஊர்தியைத் திருத்தக்கதேவர் எண்ணிப் பார்த்திருக்கிறாரே என்று வியந்தோம். மருமகனும் வியந்தான். “அதற்கும் நுனிகள் மேலே நின்றிருக்கும், மாமா” என்றான்.

இனி வானொலிப் பகுதி. கையிலுள்ள செலுத்துகருவியில் இரண்டு சிறு கோல்கள் இருக்கின்றன. அவற்றின் அசைவு வானொலி அலைகளில் ஏறிச் செல்லுகிறது. இக்காலக் கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹேட்ஸ், அதாவது வினாடிக்கு 240 கோடி அதிர்வுகள் கொண்ட அலைகளைப் பயன்படுத்துகின்றன. விமானத்திலுள்ள ஏற்புக்கருவி அவற்றைப் பெற்று, மின்துடிப்புகளாக்கிச் ‘சேர்வோ’ எனப்படும் சின்னஞ்சிறு பொறிகளுக்கு அனுப்பும். துடிப்பின் நீளம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்காயின் சேர்வோவின் கை நடுவில் நிற்கும். ஒரு பங்காகக் குறைந்தால் ஒருபுறமும், இரண்டு பங்காக நீண்டால் மறுபுறமும் திரும்பும். அந்தக் கை, ஒரு கம்பியினால், வாலிலுள்ள சுக்கானையோ மூக்கை ஏற்றி இறக்கும் மடலையோ அசைக்கிறது. மற்றொரு கட்டளை மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. தொடக்கத்துக்கு இந்த மூன்றும் போதும்.

இக்கலையை உலகுக்குக் காட்டியவர்கள் வோல்ற்ரர் கூட், வில்லியம் கூட் என்னும் அமெரிக்க இரட்டைச் சகோதரர். 1937ஆம் ஆண்டில், மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த அவ்விருவரும் ‘கஃப்’ என்று பெயரிட்ட தமது மாதிரி விமானத்தை வானொலியால் இயக்கிப் பறக்கவிட்டனர். அது இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் விமான நூதனசாலையின் உடைமையாக இருக்கிறது. நினைத்தபடி எழும்பவும், திரும்பவும், இறங்கவும் செய்யலாம் என்பதை வீட்டிலே கட்டிய ஒரு மர விமானம் காட்டிவிட்டது.

இவையெல்லாம் இன்பமான பாடங்கள். இனிச் சொல்லப்போவது அவ்வளவு இன்பமானதன்று.

நாம் ஊர் திரும்ப வேண்டிய நாளுக்கு முந்திய இரவு. விமானம் நிறைவெய்திவிட்டது. தோல் போர்த்திய இறக்கையின் இடப்பாதியை மருமகன் மேசைமேற் படிய வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அடிப்பக்கம் தட்டையான இறக்கை; நான்கு மூலைகளும் மேசையிற் படியவேண்டும். நுனியின் முன்மூலை மட்டும் மயிரிழைக்குச் சற்று அதிகமாக எழுந்து நின்றது. அவன் விரலால் தட்டினான், ‘டக்’ என்றது. மறுபடியும் தட்டினான், மறுபடியும் ‘டக்’.

“என்ன தம்பி, எல்லாம் முடிந்ததா?” என்றோம்.

“முடிந்ததுதான் மாமா... இது மட்டும் கொஞ்சம்...”

“மேசை கோணலாக இருக்கும். பழைய மேசைதானே! நாளை மத்தியானம் எனக்குப் பஸ். காலையிலேயே பறக்கவிடு, பார்த்துவிட்டுப் போகவேண்டும்.”

அவன் எம்மைப் பார்த்தான், இறக்கையைப் பார்த்தான். பிறகு, “சரி மாமா” என்றான். நாம் உறங்கப் போனோம்.

விடியற்காலையிற் காற்று அடங்கியிருந்தது. ஆவணியில் வெயில் ஏறினால் அப்பகுதியிற் காற்று பலமாக வீசும். ஆகவே ஆறரை மணிக்கே, அறுவடை முடிந்து வரண்டு கிடந்த வயலொன்றுக்குச் சென்றோம். வயற்காரரிடம் அத்தான் முன்னரே அனுமதி பெற்றிருந்தார். மருமகன் வேண்டிய சோதனைகளையெல்லாம் ஒழுங்காகச் செய்தான். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தின் மூன்றிலொரு பங்குக்குள், இரு பக்கமும் விரல் நுனிகளால் தாங்கியபோது, விமானம் தராசு முள்போலச் சமமாக நின்றது. கோலை வலப்புறம் தள்ளியபோது சுக்கான் வலப்புறமே திரும்பியது. செலுத்துகருவியின் வலுவைக் குறைத்துவிட்டு முப்பது அடிகள் நடந்து சென்று, அங்கிருந்தும் கட்டளைகள் சேருகின்றனவா என்று பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தன. இரவில் ‘டக்’ என்ற மூலையைப் பற்றி அவனும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

படிப்புக் கெடும் என்று கண்டித்த அத்தானே விமானத்தைத் தூக்கிப் பிடித்து, காற்றுக்கு எதிரே நாலடி ஓடி, மெல்ல விட்டார். அது எழும்பியது. அந்த இரண்டு வினாடிகளில் அத்தானின் முகத்தைக் கண்டவர்கள், படிப்பைப் பற்றி அவர் இனிப் பேசமாட்டார் என்றே நினைத்திருப்பர். விமானம் வலப்புறமாகச் சாயத் தொடங்கியது. மருமகன் இடப்புறம் சுக்கானைக் கொடுத்தான், நிமிர்ந்தது. மூக்கு உயர்ந்தது, வேகம் குறைந்தது. மறுகணம் இட இறக்கை, யாரோ கீழிருந்து பற்றியிழுத்தது போலத் திடீரெனத் தாழ்ந்தது. விமானம் சுழன்றபடி வரம்பின்மேல் விழுந்தது. மரம் முறிகின்ற சத்தம் எமக்குத் தெளிவாகக் கேட்டது.

மூவரும் ஒன்றும் பேசாமல் துண்டுகளைப் பொறுக்கினோம். வீடு திரும்பும் வழியிலே, காரணம் என்னவாக இருக்கும் என்று வினவினோம். அவன் தயங்கித் தயங்கி விடை சொன்னான். இட இறக்கையின் நுனி முறுக்கிக்கொண்டிருந்தது. பின்விளிம்பு தாழ்ந்தும் முன்விளிம்பு உயர்ந்தும் நின்றன. தோல் ஒருபுறம் அதிகமாகச் சுருங்கியதால் வந்த வினை. வேகமாகச் செல்லும்போது அந்த இறக்கைக்கு ஏற்றவிசை அதிகம். ஆதலால் விமானம் மறுபுறம் சாய்ந்தது. வேகம் குறைந்தபோதோ, அதிகக் கோணத்தில் நின்ற அந்த நுனியே முதலில் ஏற்றத்தை இழந்து வீழ்ந்தது.

“இது உனக்கு எப்போது தெரியும்?”

“நேற்று இரவே தெரியும், மாமா. நீங்கள் படுத்த பிறகு மேசையில் இரும்பு அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். மேசை நேராகத்தான் இருந்தது.”

“திருத்த எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?”

“இறக்கையை எதிர்ப்புறம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, தோலை மறுபடி சூடாக்கினால் போதும். பத்து நிமிஷம்.”

“பிறகேன் சொல்லவில்லை?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “மேசைதான் கோணல் என்று நீங்கள் சொன்னீர்களே.”

நேயர்களே, இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நின்று, “ஐயம் இருந்தால் கேளுங்கள், பிழை கண்டாற் சொல்லுங்கள்” என்று ஓதி வந்திருக்கிறோம். அந்த உபதேசத்தின் உண்மையான பெறுமதி அந்த வயல்வரம்பில் எமக்குத் தெரிந்தது. பெரியோர் சொல்லை மறுத்துப் பேசாமை எமது இல்லங்களில் ஒரு நற்பண்பாகப் போற்றப்படுகிறது. அது நற்பண்பே. ஆனால் பெரியவர் அவசரத்தில் ஒரு பொய்க்காரணத்தைச் சொல்லி, சிறியவர் மரியாதையினால் அதனை ஏற்றுக்கொண்டு மௌனமாயிருப்பாராயின், அந்த மரியாதையின் விலையை வேறொருவர் அறவிடுவார். வயலில் அறவிட்டவர் காற்று. நல்லகாலமாக அவர் எடுத்துக்கொண்டது சில மரச்சட்டங்களை மட்டுமே.

எப்போதும் அவ்வளவோடு நிற்பதில்லை. 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் தேதி, ஸ்பெயினுக்குரிய தெனரீப் தீவின் விமான நிலையத்தில், பனிமூட்டத்தினிடையே இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். ஓடத்தொடங்கிய விமானத்திலிருந்த பொறியியலாளர், மற்ற விமானம் பாதையைவிட்டு இன்னும் விலகவில்லையோ என்று ஐயத்தை எழுப்பியிருந்தார். மூத்த அனுபவசாலியான தலைமை விமானி அதனைப் பொருட்படுத்தவில்லை. ஐயம் எழுப்பியவரும் மேலும் வற்புறுத்தவில்லை. இத்தகைய விபத்துகளின் பின்னரே, கீழ்நிலையில் உள்ளவர் தயங்காமற் சொல்லவும், மேல்நிலையில் உள்ளவர் செவிகொடுக்கவும் விமானப் பணியாளருக்குத் தனிப் பயிற்சி அளிக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது. விமானம் ஓட்டக் கற்பது போலவே, பிழையைச் சொல்லவும் கேட்கவும் கற்க வேண்டியிருக்கிறது.

அன்று மத்தியானப் பஸ்ஸில் நாம் போகவில்லை. ஒரு பிள்ளையை அவசரப்படுத்தியதற்குக் காரணமான அந்தப் பஸ் எம்மை ஏற்றாமலே போயிற்று. மாலையில் மருமகனை அழைத்துக்கொண்டு நாலந்தாக் கெடிகேயைப் பார்க்கச் சென்றோம்.

பெருவீதியிலிருந்து கிழக்கே ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில், நீர்த்தேக்கத்தின் அருகில் நிற்கிறது அந்தக் கற்கோயில். 8ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென அறிஞர் பலவாறு கணிப்பர். அமைப்பு, மாமல்லபுரத்துக் கோயில்களை நினைவூட்டும் திராவிடச் சிற்பமுறை, வழிபாட்டிடமோ பௌத்தர்களுடையது. இரு சமயங்களின் கைகளும் ஒரே கல்லிற் பட்ட இடமென்று சொல்லலாம். ஆனால் அன்று எம்மைத் தடுத்து நிறுத்தியது வேறொரு செய்தி. அக்கோயில் இன்று நிற்கும் இடம் அதன் பழைய இடமன்று. மகாவலித் திட்டத்தின் கீழ்ப் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது, அது நின்ற தாழ்நிலம் நீரில் மூழ்க நேர்ந்தது. ஆகவே தொல்பொருளியலாளர் அதனைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டிலே கொண்டுவந்து, மீண்டும் கட்டி நிறுத்தினார்கள்.

மருமகன் கோயிலை ஒருமுறை சுற்றி வந்தான். கற்களின் பொருத்துவாய்களைக் கூர்ந்து பார்த்தான். “எங்கள் பெட்டியில் இருப்பது போல ஒவ்வொரு கல்லுக்கும் இலக்கம் போட்டிருப்பார்கள், இல்லையா மாமா?” என்றான்.

“போடாமல் எப்படிக் கட்டுவது?” என்றோம்.

சிறிது நேரம் பேசாதிருந்தான். “அப்படியானால் என்னுடையதையும் கட்டலாம்” என்றான்.

விழுந்ததும் அழாத பிள்ளை. அப்போதுதான் அவன் கண்கள் கலங்கின. நாம் நீரைப் பார்ப்பதுபோல் மறுபக்கம் திரும்பிக்கொண்டோம். பிறகு, எம் தொழிலுக்கு வழக்கமில்லாத ஒரு வாக்கியத்தைச் சொன்னோம்: “தம்பி, பிழை என்னுடையது.”

இரவு அவனுக்கு ரைட் சகோதரரின் கதையைச் சொன்னோம். 1878ஆம் ஆண்டில் அவர்களுடைய தந்தையார் றப்பர் முறுக்கினாற் பறக்கும் விளையாட்டுப் பொருளொன்றை வாங்கிவந்து பிள்ளைகளிடம் கொடுத்தார். அல்போன்ஸ் பெனோ என்னும் பிரெஞ்சுக்காரரின் அமைப்பைத் தழுவியது அது. அது உடைந்தபின் பிள்ளைகள் தாமே அதைப்போலச் செய்தனர். பெரிதாகச் செய்தவை சரியாகப் பறக்கவில்லை. பின்னாளில், 1899ஆம் ஆண்டில், சைக்கிள் ரியூப் வந்த வெறும் அட்டைப்பெட்டியை வில்பர் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தபோது, இறக்கைகளை இவ்வாறு முறுக்கினால் விமானத்தைச் சாயவும் நிமிரவும் செய்யலாம் என்ற எண்ணம் உதித்தது. 1903 டிசம்பர் 17ஆம் தேதி பறந்த அவர்களுடைய விமானம் இறக்கை முறுக்கினாலேயே சமன்செய்யப்பட்டது. அறிந்து கொடுத்த முறுக்கு மனிதனைப் பறக்கவைத்தது. அறிந்தும் மறைத்த முறுக்கு எம்மை வீழ்த்தியது.

இத்தகைய பொழுதுபோக்கைப் பிள்ளைகளுக்கு அனுமதிக்க விரும்பும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். முதலிலேயே வானொலி விமானத்துக்குப் போக வேண்டியதில்லை. கடதாசி விமானம், பின்பு பால்சாச் சறுக்கி, பின்பு றப்பர் முறுக்கினால் இயங்கும் விமானம் என்று படிப்படியாக ஏறலாம். பெனோவின் றப்பர் விமானம் 1871ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்துப் பூங்காவொன்றில் அறிஞர் முன்னிலையில் 11 வினாடிகள் பறந்தது. அதற்கு வேண்டியவை ஒரு கோலும் சில தாள்களும் முறுக்கிய றப்பருமே. அடுத்து, எமது நாட்டில் ஆளில்லா விமானங்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்கும், வானொலிக் கருவிகள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகளுக்கும் உட்பட்டவை. பெட்டியை வாங்கு முன்னரே அவர்களிடம் விசாரித்து, வேண்டிய அனுமதியைப் பெறுதல் அவசியம். சனங்கள் கூடும் இடங்களிலும், மின்கம்பிகளின் அருகிலும், புராதனச் சின்னங்களின் பக்கத்திலும் பறக்கவிடலாகாது. லிதியம் மின்கலத்துக்கு மின்னேற்றும்போது, தீப்பற்றாத தளத்தின்மேல் வைத்து, வீட்டில் ஒருவர் அருகிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். சுழல்விசிறி சிறிதாயினும் விரலை வெட்டிவிடும். மின்கலத்தைப் பொருத்திய கணத்திலிருந்து அதன் முன்னே கை போகக்கூடாது.

படிப்புக் கெடுமா என்ற கேள்விக்கும் விடை சொல்லவேண்டும். அப்துல் கலாம் அவர்கள் விமானப் பொறியியல் பயின்ற சென்னை குரோம்பேட்டைத் தொழில்நுட்ப நிலையம் 1949ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்நிலையத்தின் மாணவர் அணி ‘தக்சா’, 2018ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்தில் நடந்த போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. தொலைவிடமொன்றுக்கு ஆளில்லா விமானத்தை அனுப்பி இரத்த மாதிரியை எடுத்துவருவதே அப்போட்டியின் பணி. மாதிரி விமானம் பறக்கவிடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட நடிகர் அஜித் குமார் அந்த அணிக்கு ஆலோசகராயிருந்தார் என்பதை எம் மாணாக்கர் எமக்கு முன்பே அறிவர். எல்லாப் பிள்ளைகளும் அங்கே சென்று சேரமாட்டார்கள்; சேரவேண்டியதுமில்லை. ஒரு விலாச் சட்டத்தை நேராக நிறுத்தி, பசை உலரும்வரை பொறுத்திருக்கக் கற்ற பிள்ளை, கேத்திரகணிதத்துக்கும் அதே பொறுமையோடு வருவான் என்பது எம் நம்பிக்கை.

பங்குனியில், பெரும்போக அறுவடை முடிந்தபின், மீண்டும் நாலந்தாவுக்குச் சென்றோம். முறிந்த தாங்குசட்டத்தைச் சரிவாக வெட்டி ஒட்டி, அதன் பக்கத்தில் மெல்லிய ஒட்டுப்பலகையை அணைத்து, மூன்று விலாக்களைப் புதிதாக வெட்டிப் பொருத்தி, மருமகன் இறக்கையை மீட்டிருந்தான். பழைய தோலும் புதிய தோலும் நிறம் ஒவ்வாமல் இருந்தன. அந்த இடத்தில் இறக்கைக்கு ஒரு தழும்பு.

இரவில் விறாந்தைக்குச் சென்று, நாமே கேட்டோம்: “ஏதாவது குறை கண்டாயா?”

“ஒன்று உண்டு. சுக்கான் கம்பி சற்று இறுக்கமாக இருக்கிறது. நாளைக்கு வேண்டாம் மாமா. நாளை மறுநாள் பறக்கவிடுவோம்.”

“நல்லது” என்றோம். பஸ் நேரத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நாளை மறுநாட் காலை, அத்தான் அதே வரம்பிலிருந்து ஓடி விட்ட விமானம் நேராக எழும்பி, வயலின் மேலே இருமுறை வட்டமிட்டது. ஒருகணம் மருமகன் கோல்களிலிருந்து பெருவிரல்களை எடுத்துவிட்டுக் காட்டினான். விமானம் சிறிது சாய்ந்தது, தானே நிமிர்ந்தது, தன்பாட்டிற் சென்றது. நான்கு நிமிடங்களின் பின் ஒட்டுத்தாள்களிடையே வந்து சறுக்கி நின்றது.

பரீட்சகர் இம்முறை முழுப்புள்ளிகளும் வழங்கினார். அவற்றில் எமக்கும் ஒரு புள்ளி உண்டென்று மருமகன் சொன்னான். வாழ்நாள் முழுதும் பிறர்க்குப் புள்ளி போட்டு வந்த எமக்கு, ஒரு மாணாக்கன் போட்ட அந்த ஒரு புள்ளி போதும்.